மண்டபம் கேம்ப், 1969: பாரும் பவளமும்

சில வருஷம் முன்னாடி ஆபீஸ் நண்பர்களோடு அந்தமான் போயிருந்தேன். ஹேவ்லாக் தீவில் (இப்போ சுவராஜ் தீவு) எல்லாரும் செய்வதை நாங்களும் செய்தோம். முதுகில் சிலிண்டர், வாயில் ரெகுலேட்டர், பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பயிற்சியாளர், பத்துப் பதினைந்து அடி ஆழம், அரை மணி நேரம். மேலே வந்ததும் டீமில் ஒரு பையன் சொன்னான்: "சார், நம்ம தமிழ்நாட்டுல ஆயிரம் கிலோமீட்டர் கடற்கரை இருக்கு, ஆனா இந்த மாதிரி ஒண்ணும் இல்லியே." நானும் தலையாட்டினேன். அப்போது எனக்கும் தெரியாது.

அம்பத்தூர் திரும்பிய பிறகும் பவளப்பாறை மண்டையை விட்டுப் போகவில்லை. ஒரு ராத்திரி எதையோ தேடும்போது சர்வதேசப் பவளப்பாறை மாநாடுகளின் பட்டியல் கண்ணில் பட்டது. இந்தத் துறையில் இதுதான் பெரிய மாநாடு, சில வருஷங்களுக்கு ஒருமுறை நடக்கும். மயாமி 1977, மணிலா 1981, டஹிட்டி 1985, பாலி 2000, ஒக்கினாவா 2004, ஹொனலூலு 2016. நான் கீழிருந்து மேலே படித்துக்கொண்டு போனேன். இரண்டாவது மாநாடு 1973, ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு. முதல் வரிசையில் இருந்தது: மண்டபம் கேம்ப், இந்தியா, 1969.

டேட்டா என்ட்ரி தப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். தொழில் புத்தி. ஆனால் தப்பில்லை. உலகத்தின் முதல் பவளப்பாறை மாநாடு நடந்தது ராமநாதபுரம் மாவட்டத்தில், பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் அந்தச் சின்ன ரயில் நிலைய ஊரில்தான்.

அங்கே ஏன் என்பதற்குப் பதில் சுலபம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947ல் தொடங்கியது, 1949லிருந்து அதன் தலைமையகம் மண்டபம் கேம்ப். பிறகு 1971ல்தான் கொச்சிக்குப் போனது. பெயரில் உள்ள 'கேம்ப்' வேறொரு கதை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் கூலித் தொழிலாளர்களை நிறுத்திவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்துக் கப்பலேற்றிய முகாம் அது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம், இன்னொரு நாள் எழுதுகிறேன். இந்த ஊரை மையமாக வைத்து 1958ல் இந்தியக் கடல் உயிரியல் சங்கம் உருவானது. அந்தச் சங்கம்தான் 1969 ஜனவரியில் பவளங்கள் பற்றி ஒரு கருத்தரங்கு கூட்டியது. 'முதல்' என்றெல்லாம் அவர்கள் பெயர் வைக்கவில்லை. நாலு வருஷம் கழித்து ஆஸ்திரேலியாவில் கூடியவர்கள் தங்கள் கூட்டத்துக்கு 'இரண்டாவது' என்று பெயர் வைத்தபோது மண்டபம் முதலாவது ஆனது. அந்த இரண்டாவது மாநாடு ஒரு கப்பலில் நடந்தது, பவளத்திட்டுகளுக்கு நடுவே போய்க்கொண்டே. கப்பலின் பெயர் மார்க்கோ போலோ. இது எனக்குப் பிடித்த தற்செயல். காரணம் கீழே வரும்.

கருத்தரங்குத் தொகுப்பு 1972ல் அச்சானது, இப்போது ஸ்கேனாக இணையத்திலேயே கிடைக்கிறது. அம்பத்தூரிலிருந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில் ஒரு மாசம் அதை மொபைலில் படித்தேன். அதில் ஒரு கட்டுரையில்தான் மாட்டிக்கொண்டேன். எஸ். மகாதேவன், கே. நாகப்பன் நாயர் என்ற இரண்டு பேர் எழுதியது. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் பவளப்பாறைகள் எங்கெங்கே இருக்கின்றன, அவற்றை எப்படி எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்பது பற்றி. 'எடுத்து' என்றால் வெட்டி எடுத்து. வருஷத்துக்குச் சுமார் 60,000 கனமீட்டர், எடையில் 25,000 டன் அளவுக்கு என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள்.

முதல் பவளப்பாறை மாநாடு நடந்த அதே கரையில், அதே காலத்தில், படகு படகாகப் பவளம் கரைக்கு வந்து காளவாயில் வெந்துகொண்டிருந்தது. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தூத்துக்குடிப் பக்கத்தில் 'பார்' என்ற சொல் உண்டு. கடலடியில் இருக்கும் பாறைத் தளம். முத்துச் சிப்பி ஒட்டி வளர்வது இந்தப் பார்களில். கரையிலிருந்து பத்து இருபது கிலோமீட்டர் தள்ளி, 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, அதில் பேர் போனது தொள்ளாயிரம் பார். பவளத்திட்டுகள் வேறு. அவை தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை வரிசையாக இருக்கும் 21 தீவுகளைச் சுற்றி, ஆழம் குறைந்த தண்ணீரில், வெயில் படுகிற இடத்தில் இருப்பவை. பவளப் பூச்சிக்குள் ஒரு நுண்பாசி குடியிருக்கிறது. அது வெயிலை வாங்கிச் சமைத்தால்தான் பூச்சிக்குச் சாப்பாடு. அதனால் உயிருள்ள பவளத்திட்டு கரையோரம், முத்துப் பார் நடுக்கடலோரம். இணையத்தில் பல பேர் இரண்டையும் ஒன்றாக்கி எழுதுகிறார்கள். நானும் முதல் ஆறு மாசம் அப்படித்தான் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன், எல்லாவற்றையும் திருத்த வேண்டியதாயிற்று.

ஆனால் இரண்டுக்கும் போய் வந்த ஆட்கள் ஒரே ஊர்க்காரர்கள், ஒரே திறமைக்காரர்கள். அதுதான் இங்கே முக்கியம்.

முத்துக் குளிப்பு எவ்வளவு பழசு என்பதற்கு ஒரே ஒரு சாட்சி போதும். கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க வணிகக் கையேடான பெரிப்ளஸ், கொற்கையில் முத்து எடுப்பது தண்டனை பெற்ற குற்றவாளிகளின் வேலை என்கிறது. பெருமையாகப் பேசும் நம் முத்து வரலாற்றில் இந்த வரியை யாரும் அதிகம் மேடையில் சொல்வதில்லை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ (கப்பல் இல்லை, ஆள்) இன்னும் விவரமாக எழுதுகிறார். சுறா கடிக்காமல் மந்திரம் போடும் ஆட்கள் இருந்தார்கள், கிடைப்பதில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு. இந்தக் 'கடல்கட்டி' வேலை ஒரு குடும்பத்துக்கே பரம்பரையாக வந்து பிரிட்டிஷ் காலம் வரை நீடித்தது. 16ஆம் நூற்றாண்டில் பரதவர்கள் கிறிஸ்தவர்களான பிறகும் நிற்கவில்லை. 1859ல் இலங்கை பற்றி எழுதிய டென்னண்ட், கடல்கட்டிக் குடும்பத்தின் அப்போதைய தலைவரே கத்தோலிக்கர் என்று பதிவு செய்கிறார். சுறாவுக்கு மதம் முக்கியமில்லை போலிருக்கிறது.

குளிக்கும் முறை இரண்டாயிரம் வருஷமாகப் பெரிதாக மாறவில்லை. காலை வைக்க ஒரு கல், அதைக் கட்டிய கயிறு, இடுப்பிலோ கழுத்திலோ சிப்பி போட ஒரு வலைப்பை, மேலே தோணியில் கயிறு பிடிக்க நம்பிக்கையான ஒருவர். கல்லோடு இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிஷம் சிப்பி பொறுக்கி, கயிற்றை இழுத்தால் மேலே தூக்குவார்கள். மாஸ்க் இல்லை, ஃபின் இல்லை. ஒரு நாளைக்கு இப்படிப் பல தடவை. சிலோன் அரசாங்கம் நடத்திய முத்துச் சலாபங்களில் மூன்றில் ஒரு பங்கு சிப்பி குளியாளுக்கு, மீதி அரசுக்கு. அங்கே போய்க் குளித்தவர்களில் கீழக்கரை, தூத்துக்குடி ஆட்களும் நிறைய.

ஸ்கூபா செய்தவர்கள் இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல மூன்று மடங்கு. மேலே இழுத்த ஒரு மூச்சு அங்கே நெஞ்சுக்குள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஸ்கூபாவில் ரெகுலேட்டர் அந்த ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் காற்றைத் தருவதால் சுருங்காது, ஆனால் அதற்கு வேறு விலை உண்டு. அழுத்தத்தில் மூச்சு விடும்போது நைட்ரஜன் ரத்தத்தில் கரைகிறது. அவசரமாக மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழ் விடும், மூட்டு முடங்கும், ஆளே போகலாம். எனக்கு ஹேவ்லாக்கில் இதையெல்லாம் அரை மணி நேரம் வகுப்பெடுத்துத்தான் இறக்கினார்கள். நம் கரையில் இதை வகுப்பில்லாமல், உடம்பால் கற்றவர்கள் இருக்கிறார்கள். சங்கு குளிக்கும் ஆட்கள் கல்லையும் கயிற்றையும் விட்டு மாஸ்க்குக்கு வந்தார்கள், தகட்டை வெட்டிக் காலில் கட்டி ஃபின் ஆக்கினார்கள், பிறகு படகில் கம்ப்ரசரை வைத்துக் குழாய் வழியே மூச்சு விட்டார்கள். ஆழ அளவுமானியும் அட்டவணையும் கையில் இல்லாமல் இதைச் செய்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் எடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய் வளையலாகும்.

சரி, விஞ்ஞானிகள் எப்போது தண்ணீருக்குள் இறங்கினார்கள்? ரொம்ப லேட். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் 1889ல் தூத்துக்குடிச் சலாபத்துக்குப் போய் மறு வருஷம் அறிக்கை எழுதினார். 1902ல் ஹெர்ட்மன் என்ற பேராசிரியரை, சிப்பி ஏன் திடீர் திடீரென்று காணாமல் போகிறது என்று கண்டுபிடிக்க சிலோன் அரசு வரவழைத்தது. உதவிக்கு வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பிறகு சென்னை மாகாணத்தின் மீன்வளத்துறையையே நடத்தினார். சங்கு பற்றி 1914ல் அவர் எழுதிய நூல் இன்றும் படிக்கத்தக்கது. ஆனால் இவர்களுக்கெல்லாம் கடலடி என்பது முக்கியமாக இரண்டு வழியில் வந்தது: வலைச்சட்டத்தை இழுத்து மேலே கொண்டுவந்தது, குளியாள் மேலே வந்து சொன்னது. அறிக்கையில் பேராசிரியர் பெயர் இருக்கும். குளியாளுக்கு அங்கே பொதுவாகப் பெயர் கிடையாது, 'நேட்டிவ் டைவர்' அவ்வளவுதான்.

கூஸ்தோவும் காஞானும் அக்வாலங்கை உருவாக்கியது 1943ல். நம் கடலுக்கு அது வந்த பாதையில் ஒரு எழுத்தாளர் நிற்கிறார். ஆர்தர் சி. கிளார்க் 1956ல் சிலோனுக்குக் குடியேறியதற்கு முக்கியக் காரணம் விண்வெளி இல்லை, கடல். நண்பர் மைக் வில்சனோடு டைவ் அடிக்க வந்தவர். அந்த வருஷமே திருகோணமலை சுவாமி மலைக்குக் கீழே வில்சன் டைவ் அடித்தபோது, 17ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்கள் கடலடியில் கிடப்பதைப் பார்த்தார். வில்சன் கடைசியில் சுவாமி சிவ கல்கி என்று பெயர் மாற்றிக்கொண்டு சாமியாராகிப் போனார். இதைப் படித்தபோது இரண்டு தடவை சரிபார்த்தேன். நிஜம்தான்.

நம் பக்கம், 1960களில், தூத்துக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அதே மகாதேவனும் நாகப்பன் நாயரும் அக்வாலங்கோடு முத்துப் பார்களில் இறங்கினார்கள். கடலடியை நேரில் பார்த்து எழுதிய அவர்கள் கட்டுரைகளைப் படித்தால், ஆய்வுக்கட்டுரையின் வறண்ட நடைக்கு நடுவிலும் அது தெரிகிறது. இந்த இடத்தில் மணல், இந்த இடத்தில் தட்டைப் பாறை, இந்த இடத்தில் இந்த மீன் என்று, தெருவில் நடந்து போனவர் வழி சொல்வது மாதிரி எழுதுகிறார்கள். ஆனால் அவர்கள் இறங்கிய நேரத்தில் முத்து போய்விட்டது. 1955லிருந்து 1961 வரை வருஷா வருஷம் சலாபம் நடந்தது. 1961தான் கடைசி. அதற்குப் பிறகு சலாபம் நடத்தும் அளவுக்குச் சிப்பி சேரவே இல்லை. 1973ல் அழகர்சாமி குழுவினர் தூத்துக்குடி அருகே வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். அது ஆராய்ச்சி வெற்றி. ஆனால் சலாபத்தை நம்பியிருந்த குளியாளுக்கு அது வேலை தரவில்லை.

பவளம் பற்றிச் சொல்ல வேண்டிய இன்னொரு பெயர் சி.எஸ். கோபிநாத பிள்ளை. மண்டபத்தில் உட்கார்ந்து இந்தியப் பவள இனங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு பட்டியல் போட்டவர். 1972ல் ஸ்டோடார்ட் என்ற ஆங்கிலேயப் புவியியலாளரோடு சேர்ந்து அவர் எழுதிய ஒரு கட்டுரை ராமநாதபுரத்தின் 'மேலெழுந்த' பவளத்திட்டுகள் பற்றியது. அதாவது கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடக் கொஞ்சம் மேலே இருந்த சுமார் 4000 வருஷத்துக்கு முன் வளர்ந்து, இப்போது தரையில் நிற்கும் பவளப்பாறை. ராமேஸ்வரம் போகிறவர்கள் அதன் மேல்தான் நடக்கிறார்கள், கல் என்று நினைத்துக்கொண்டு.

இனி அந்த 25,000 டன். சென்னைப் பக்கம் பழைய வீடுகளுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு என்றால், தெற்கே பவளக்கல் சுண்ணாம்பு. வேதியியல் ஒன்றுதான், கால்சியம் கார்பனேட். சுட்டால் சுண்ணாம்பு. வீட்டு அஸ்திவாரத்துக்கும் ரோட்டுக்கும் அப்படியே கல்லாகவும் போனது, பிறகு கார்பைடு, சிமெண்ட் என்று தொழிற்சாலைகளுக்கும் போனது. வள்ளத்தில் தீவுக்குப் போய், கடப்பாரையோடு மூச்சடக்கி இறங்கி, பெயர்த்து, ஏற்றிக்கொண்டு வருவார்கள். இதைச் செய்தவர்களை வில்லனாக்கி எழுதுவது சுலபம், பல கட்டுரைகள் அப்படித்தான் இருக்கின்றன. எனக்கு உடன்பாடில்லை. 1961ல் சலாபம் நின்றுபோன ஒரு கரையில், மூச்சடக்கத் தெரிந்த ஒருவருக்கு என்ன வேலை இருந்தது? சங்கு, இல்லாவிட்டால் கல். வாங்க ஆலை இருந்தது, தடுக்கச் சட்டம் இல்லை.

சட்டம் மெதுவாக வந்தது. 1986ல் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. 1989ல் சுற்றியுள்ள 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம். 2001ல்தான் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே பட்டியலில், ஏறியது. கல் எடுப்பது ஏறக்குறைய முழுசாக நின்றது 2005ல், சுனாமிக்குப் பிறகு. ஜனங்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். இலங்கையில் ஹிக்கடுவையில் பவளத்திட்டு இருந்த இடத்தில் தண்ணீர் கொஞ்ச தூரமே உள்ளே வந்தது. சில கிலோமீட்டர் வடக்கே, பவளம் வெட்டி எடுக்கப்பட்டிருந்த பெரேலியாவில் ரயிலையே புரட்டியது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2003 முதல் 2005 வரை தண்ணீருக்குள் இறங்கி அளந்ததில், மன்னார் வளைகுடாவின் 110 சதுர கிலோமீட்டர் பவளத்திட்டில் 32 ஏற்கெனவே அழிந்திருந்தது. பெரும்பகுதி கல் எடுத்ததால்.

தீவுகளின் பெயர்களைப் பாருங்கள்: விலாங்குச்சல்லி, காரைச்சல்லி. சல்லி என்றால் நமக்கு ஜல்லி, உடைகல். பவளம் உடைந்து அலை குவித்த தீவு என்பதால் வந்த பெயராக இருக்கலாம் என்பது என் ஊகம், மொழி தெரிந்தவர்கள் திருத்தலாம். விலாங்குச்சல்லியும் கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் இப்போது தண்ணீருக்குள். காரைச்சல்லி 1969ல், அதாவது மாநாடு நடந்த வருஷம், சுமார் 20 ஹெக்டேர். இப்போது 4 ஹெக்டேர்கூட இல்லை. வான் தீவும் அப்படிக் கரைந்துகொண்டிருந்ததால் 2015லிருந்து செயற்கைப் பாறைகளை இறக்கிக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். கல் எடுப்பது நின்ற பிறகு பவளம் திரும்ப வளர ஆரம்பித்தது, உண்மை. ஆனால் 2010லும் 2016லும் கடல் சூடாகி, உள்ளே குடியிருந்த நுண்பாசி வெளியேறி, பவளம் வெளுத்தது. 2016ல் மட்டும் உயிருள்ள பவளப் பரப்பு ஏறக்குறைய 39 சதவீதத்திலிருந்து 23க்கு இறங்கியது. கடப்பாரையைத் தடுக்கலாம், வெந்நீரை வனத்துறை எப்படித் தடுக்கும்?

இதற்கிடையில் அந்தத் தீவுகளைச் சுற்றி நிஜமாகவே தினசரி 'ஸ்நார்க்லிங்' செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ராமநாதபுரம் கரையோரப் பெண்கள். மரிக்கொழுந்துப் பாசி எடுக்க, கண்ணுக்கு ஒரு கண்ணாடி, விரலுக்குச் சுற்றிய துணி, சேலைக்கு மேல் ஆண் சட்டை, அவ்வளவுதான் கருவி. அம்மா, பாட்டி காலத்திலிருந்து போன தீவுக்கு, பூங்கா வந்த பிறகு போனால் அத்துமீறல். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி இந்தப் பெண்களைச் சேர்த்து, மாசத்துக்கு 12 நாள்தான் எடுப்பது, இரும்பால் சுரண்டாமல் கையால் பறிப்பது என்று அவர்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாட்டை முன்னெடுத்தவர். 2015ல் சீகாலஜி பரிசு அவருக்குக் கிடைத்தது. அதே கரையில் ஏர்வாடிக்குப் பக்கம் பிச்சை மூப்பன் வலசையில் வனத்துறை சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றிப் போய்ப் பவளம் காட்டுகிறது. நல்ல விஷயம்தான், நீங்களும் போய்ப் பாருங்கள். ஆனால் டிக்கெட் வாங்கியவருக்குத் திறக்கிற கடல், அதில் பிறந்து வளர்ந்தவருக்கு எந்த அளவுக்குத் திறந்திருக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பூங்கா அறிவித்து 35 வருஷத்துக்கு மேல் ஆகியும் நேரான பதில் இல்லை.

அந்தமானில் பேசிய பையனுக்கு 1972 தொகுப்பின் முதல் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். "மண்டபமா? ராமேஸ்வரம் போறப்ப ட்ரெய்ன் நிக்குமே, அதுவா சார்?" என்று கேட்டான். அதுவேதான். இந்த ஜனவரி விடுமுறையில் நாலு பேர் போகலாம் என்று பேச்சு. மாநாடு எந்தக் கட்டடத்தில் நடந்தது என்று தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம்.